கேட்டு ஒட்டிய சுவர்கள்

ஜூலை 5, சனி

எழுத்து கோணல்மாணலாக இருப்பதை முதலில் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், டீச்சர். கோடு போட்ட நோட்டுதான். ஆனால் என் எழுத்து கோட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே தொங்குகிறது. 'ழ'வுக்கு வால் போட்டால் அது அடுத்த வரியில் போய் இடிக்கிறது. இவ்வளவையும் எழுதக் காலையில் உட்கார்ந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நின்றும் விட்டது.

தினமும் நடந்ததை எழுதுங்கள், மாதத்தின் முதல் சனிக்கிழமை முதியோர் எழுத்து வகுப்பில் வாங்கிப் பார்க்கிறேன் என்று ஜெபராணி டீச்சர் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் சங்கையா. வயது அறுபத்தெட்டு. மதுரையில் நாற்பது வருஷம் போஸ்டர் ஒட்டினேன். அதில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. ஆள் படம் இருந்தால் தலை எது, கால் எது என்று தெரியும். வெறும் எழுத்து மட்டும் உள்ள போஸ்டர் வந்தால் எந்தப் பக்கம் தலை என்றே தெரியாது. ஒரு நகைக்கடை போஸ்டரை முப்பது சுவரில் தலைகீழாக ஒட்டிவிட்டேன். கடைக்காரர் திட்டவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி ஊரே படித்ததாம்.

இன்று வரும்போது பஸ் போர்டைப் படித்தேன். பெரியார் நிலையம். முழுதாகப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. பரவாயில்லை, அடுத்ததையும் படித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

என் மகள் அழகுமீனாவைப் பற்றி எழுதுகிறேன். மருமகன் இறந்து ஆறு வருஷம். வீட்டில் அவளும் நானும்தான். தையல் மிஷின் சாமான் கடை வைத்திருந்தாள். பாபின், பெல்ட், ஊசி, பல்சக்கரம், எந்தப் பழைய மிஷினுக்கும் எடுத்துக் கொடுப்பாள். கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது கடை முழுவதும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. விற்பது வெப்சைட்டில். அதன் பெயர் ஊசிநூல்வீடு. பெயரை நானே படித்தேன்.

தையல் மிஷின் சாமான் செய்கிற கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று தெற்கே நான்கு மாவட்டத்துக்கு ஏஜென்சி கொடுக்க ஆள் தேடுகிறது. கடை இல்லையே என்று யோசித்திருக்கிறார்கள். மீனா வெப்சைட்டைக் காட்டியிருக்கிறாள். ஆகஸ்ட் ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேர் அங்கே வந்து பார்த்தால் தருகிறோம் என்றார்களாம்.

"இப்ப எத்தனை பேரு வாராக?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது."

"பத்தாயிரம் வரலேன்னா?"

"பாப்போம்ப்பா" என்றாள். பிறகு மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் எடுத்து மறுபடியும் மடித்தாள்.

ஜூலை 9, புதன்

என் போனில் ஊசிநூல்வீட்டைத் திறந்து மூடித் திறந்து மூடி நாற்பது தடவை பார்த்தேன். கட்டைவிரல் வலிக்கிறது. சாயங்காலம் மீனாவிடம், "இன்னிக்கு நாப்பது பேரு கூடியிருக்கணுமே" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஒரே ஆளு நாப்பது தடவ எட்டிப் பாத்தா நாப்பது ஆளாயிருவாராப்பா? அது ஒருத்தர ஒருக்காத்தான் எண்ணும்."

நேர்மையான கணக்குதான். ஆனாலும் எனக்கு வருத்தம்.

ஜூலை 12, சனி

இன்று பெரிய விஷயம் ஒன்று தெரிந்துகொண்டேன். லிங்க் என்றால் என்ன என்று மீனாவைக் கேட்டேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்தவங்க பக்கத்துல நம்ம கடைக்கு வர்ற வழிய எழுதி வைக்கிறது. அதைத் தொட்டா நேரா நம்ம கடையில வந்து நிப்பாங்க."

"அதாவது அடுத்தவுக சுவத்துல நம்ம போஸ்டர்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமாப்பா. அதேதான்."

நாற்பது வருஷம் நான் செய்ததற்கு உள்ளங்கை அளவு சுவர் வந்துவிட்டது. பசை காய்ச்ச வேண்டாம். மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலக்க வேண்டாம். ஏணி வேண்டாம். அவளுக்கு எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வண்டியில் பறக்கிறவன் பார்க்கிற சுவர் எவ்வளவு பெரிதானாலும் வீண். நிற்கிறவன் பார்க்கிற சுவர்தான் சுவர். பஸ்ஸுக்கு நிற்கிற இடம், ரேஷனுக்கு நிற்கிற இடம், மருந்து வாங்க நிற்கிற இடம். அப்புறம், சுவர்க்காரரைக் கேட்டு ஒட்டினால் ஒரு மாதம் இருக்கும். கேட்காமல் ஒட்டியதை விடிந்ததும் கிழித்துவிடுவார்கள்.

"நீங்க கம்பெனி ஆரம்பிச்சிருக்கணும்ப்பா" என்றாள். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையே நன்றாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 14, திங்கள்

ஒரு வரியை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டுவதற்கு மீனா கற்றுக்கொடுத்தாள். விரலை அழுத்தி வைத்தால் ஒரு சின்னப் பலகை வரும். அதில் தொட வேண்டும். "உங்க வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புல மட்டும் போடுங்க. மத்த இடத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள். சரி என்றேன். வகுப்பு குரூப்பில் போட்டேன். பதினெட்டு பேர். நீங்களும் பார்த்திருப்பீர்கள், டீச்சர்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. போஸ்டருக்கு வாசகம் வேண்டுமே என்று நானே ஒன்று எழுதினேன். என் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய முதல் வாசகம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

தையல் மிஷின் நின்றுவிட்டதா? கவலை வேண்டாம். எங்களிடம் வாருங்கள்.

கீழே ஊசிநூல்வீட்டு லிங்க். தச்சர் ஒருவர் முகநூலில் கட்டில் படம் போட்டிருந்தார். அவர் படத்தின் கீழே முதலில் ஒட்டினேன். பிறகு கோழிப்பண்ணை. பிறகு ஒரு கல்யாணம். அங்கே யாரைக் கேட்பது என்று பார்த்தேன். சுவர்க்காரர் யாரும் நிற்கவில்லை. சும்மா திறந்து கிடக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

மீனா காலையிலேயே கூப்பிட்டாள். "அப்பா, நேத்து இருநூத்திப் பத்து பேரு வந்திருக்காங்க." அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எப்படி என்று அவளுக்கே புரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலை கெட்டுவிடும்.

ஜூலை 22, செவ்வாய்

முந்நூற்று நாற்பது. ஊரே ஊசிநூல்வீட்டுக்கு வருகிறது.

ஜூலை 26, சனி

வகுப்புக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். ஒட்டுகிற வேலை இருந்தது. இன்று மட்டும் அறுபத்தொரு இடம். சைக்கிளில் போன காலத்தில்கூட ஒரே நாளில் அத்தனை சுவர் ஏறியதில்லை.

பெரிய சுவர் ஒன்று அகப்பட்டது. தையல் தோழிகள் என்று ஒரு குரூப். அறுபதாயிரம் பெண்கள், எல்லோரும் தைக்கிறவர்கள். அதில் ஒரு படத்தின் முன்னால் அப்படி ஒரு கூட்டம். ஒரு அம்மா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார். கீழே ஆயிரத்துக்கும் மேல் கும்பிட்ட கை. இவ்வளவு பேர் கும்பிடுகிறார்கள் என்றால் பெரிய மனுஷியாக இருக்க வேண்டும். பெயரைப் படித்தேன், ராசாத்தி. அதற்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு எழுத்து. அத்தனையும் படித்தால் மத்தியானம் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். கும்பிட்ட கைகளுக்கு நடுவில் என் வாசகத்தை ஒட்டினேன். நிற்கிறவர்கள் பார்க்கிற சுவர். இதற்கு மேல் நல்ல இடம் கிடையாது.

ஜூலை 28, திங்கள்

நேற்று அறுபது பேர்தான் வந்தார்கள். இன்று முப்பத்தைந்து.

மீனா மத்தியானம் சாப்பிடவில்லை. "யாரோ நம்ம லிங்க்க கண்ட இடத்துலயும் ஒட்டி வச்சிருக்காங்கப்பா. தையல் தோழிகள் குரூப்புல அதை எடுத்துட்டாங்க. அந்தக் குரூப்ப நடத்துற செண்பகவல்லி அக்கா, இவங்ககிட்ட யாரும் சாமான் வாங்காதீங்கன்னு எழுதியிருக்காங்க."

"யாரா இருக்கும்?" என்று கேட்டேன்.

"நம்ம ஏஜென்சி கேக்குறது பிடிக்காதவங்க யாராச்சும்."

"இருக்கும்" என்றேன்.

வெந்தயம் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

ஜூலை 30, புதன்

காதர் பாய் டீக்கடைக்குப் போனேன். முப்பது வருஷம் எனக்குப் பசை வாளி தூக்கியவர். எனக்கு எழுத்து வந்ததில் இருந்து என்னை 'வாத்தியாரே' என்றும் கூப்பிடுகிறார். இன்று கோபமாக இருந்தார்.

"வாத்தியாரே, அந்தா எதுத்த சுவத்தப் பாருங்க. எவனோ துஷ்டிப் போஸ்டர் மேல பிரியாணிக்கடை போஸ்டர ஒட்டிட்டுப் போயிட்டான். பதினாறாம் நாள் காரியம்கூட முடியலண்ணே. நம்ம காலத்துல இப்படிச் செஞ்சா கைய ஒடிச்சிருப்பாங்க."

"நம்ம ஒருநாளும் செய்யலையே பாய்."

"எழுத்துத் தெரியாத நமக்கே தெரிஞ்சுச்சுல்ல."

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"என்னண்ணே மறந்துட்டீங்களா? படத்த நின்னு பாப்போம். கீழ கும்பிட்ட கை இருந்தா அந்தச் சுவத்தத் தொட மாட்டோம்."

டீ ஆறிவிட்டது. அவர் வேறு போட்டுக் கொடுத்தார். அதுவும் ஆறிவிட்டது.

ஜூலை 31, வியாழன்

படித்தேன். ராசாத்தி அம்மா படத்துக்குக் கீழே இருந்ததை, விரலை வைத்து, ஒரு எழுத்து விடாமல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ராசாத்தி அக்கா, ஆண்டிப்பட்டி. முப்பத்தொரு வருடம் ஒரே மிஷினில் தைத்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிழிந்த சட்டையைப் பார்த்தால் கூப்பிட்டு நிறுத்தித் தைத்து அனுப்புவார். வியாழக்கிழமை தைத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். அவர் மிஷின் நின்றுவிட்டது.

அதற்குக் கீழே என் வாசகம் இருந்திருக்கிறது.

எழுத்துத் தெரியாத நாற்பது வருஷத்தில் ஒருநாளும் செய்யாததை, எழுத்து வந்த பிறகு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேஜையில் ஒரு தாள் கிடந்தது. இந்த வீட்டில் என் முன்னால் எந்தத் தாளையும் யாரும் மறைத்ததில்லை. மறைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. மீனா குளிக்கப் போயிருந்தாள். நான் படித்தேன்.

திருப்பூர். பெண் பணியாளர் விடுதி. விதிமுறைகள். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே செல்லக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஊருக்குச் செல்லலாம். பெயர் என்ற இடத்தில் பேனாவால் அழகுமீனா. சேரும் நாள் என்ற இடத்தில் செப்டம்பர் 1.

தாளை இருந்த மாதிரியே வைத்தேன். ஓரம் மேஜையின் ஓரத்தோடு சேர்ந்திருந்தது, அதேபோல் சேர்த்து வைத்தேன். வந்தவள், "டிபன் என்னப்பா வேணும்?" என்றாள். இட்லி என்றேன். வீட்டு வேலையை நான் தனியாகச் செய்து பழகிக்கொள்ள வேண்டும் என்பதுபோல அவள் எனக்கு மாவு கரைக்கிற பதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். போன வாரம் கேஸ் பதிவு செய்வதைச் சொல்லிக்கொடுத்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 2, சனி

டீச்சர், இன்று வகுப்பில் நோட்டை வாங்கிப் படித்தீர்கள். நான் ஒரு பக்கம் எழுதுகிற நேரத்தில் நீங்கள் பத்துப் பக்கம் படித்துவிட்டீர்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. "மகளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். இல்லை என்றேன். "அப்போ தப்பான ஆளுகிட்ட நோட்டைக் குடுத்திருக்கீங்க ஐயா" என்றீர்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மீனா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சாப்பிட்ட பிறகு இந்த நோட்டை மேஜையில் திறந்து வைத்தேன், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. வேண்டுமென்றே நெடுநேரம் குளித்தேன். தண்ணீர் தீர்ந்தும் உள்ளேயே நின்றேன்.

வெளியே வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். நோட்டு மூடி இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் நோட்டைத் திறந்தேன். என் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து. வரிசையாக, கோட்டில் உட்கார்ந்து.

*இனிமே கேட்டுட்டு ஒட்டுங்கப்பா. நானும் இனிமே சொல்லிட்டுச் செய்றேன்.*

மூன்று தடவை படித்தேன். எனக்கென்று ஒருவர் எழுதியதை நான் படிப்பது இதுதான் முதல் தடவை.

பிறகு எதிரெதிரே உட்கார்ந்தோம். "எங்கெங்க ஒட்டுனீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள். நாற்பது வருஷம் சுவர்களை மனதிலேயே எழுதி வைத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது. தச்சர், கோழிப்பண்ணை, கல்யாணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தேடிப் பிடித்து நீட்டினாள். நானே அழித்தேன். இருநூற்றுப் பதினேழு இடம். கோழிப்பண்ணைக்காரர் மட்டும், இருந்துவிட்டுப் போகட்டும், கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துச் சிரித்தாள். எட்டு நாள் கழித்துச் சிரிக்கிறாள்.

"திருப்பூரு போகணுமா தாயி?" என்று அப்போது கேட்டேன்.

"போகத்தான் வேணாம்னு இத்தனையும் செய்றேன். பத்தாயிரம் வந்தா போக மாட்டேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செண்பகவல்லி அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு தாள் கிழித்து ஐந்தாவது தாளில். என் பெயர், என் தொழில், துஷ்டிப் போஸ்டரைத் தொடாத வழக்கம், படிக்காமல் ஒட்டியது, படித்த பிறகு பட்டது. மீனா திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தப்பு என்னுடையது, பிழையும் என்னுடையதாகவே இருக்கட்டும். படம் எடுத்து அனுப்பினாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

செண்பகவல்லி அம்மா போன் செய்தார். தேனிக்காரர். கறாரான குரல்.

"லெட்டர் படிச்சேன் ஐயா. ராசாத்தி அக்கா மக வனிதாவுக்கும் அனுப்பிட்டேன். கோவம் போயிருச்சு. ஆனா மூணு மாசத்துக்கு உங்க லிங்க் எங்க குரூப்புல வேணாம். இப்ப விட்டா நாளைக்கு எல்லாரும் லெட்டர் எழுதிட்டு வந்து ஒட்டுவாங்க."

"சுவர்க்காரவுக சொன்னா சரிதாம்மா" என்றேன்.

அறுபதாயிரம் பேர் போய்விட்டார்கள். முதல் ஒரு வாரத்தில் வந்தது இருநூற்றுச் சொச்சம். மீனா கணக்கைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் எனக்கு என்னவோ காலையில் இருந்து கை பரபரக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

யோசனை வந்துவிட்டது. வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

"தைக்கிறவுக எங்க நிப்பாக மீனா?"

"எங்க நிப்பாங்க? உக்காந்துதான் தைப்பாங்க."

"அதில்ல தாயி. கை எப்ப நிக்கும்?"

அவள் நிமிர்ந்தாள். "நூல் அந்துக்கிட்டே இருந்தா நிக்கும். தையல் விட்டு விட்டு விழுந்தா நிக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு அம்பது ஜாக்கெட் கெடக்கும்போது மிஷின் மக்கர் பண்ணா கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்க."

"அங்கதான் நம்ம சுவரு."

அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூல் ஏன் அறுகிறது, அடிநூல் ஏன் சிக்குகிறது, எந்தத் திருகை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்று படத்தோடு எழுத ஆரம்பித்தாள். கடையில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததுதான். இதில் எங்கேயும் வாங்குங்கள் என்று இல்லை. "அப்ப எதுக்கு வருவாக?" என்று கேட்டேன். "கை நிக்குதுல்ல, அதுக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சுவரைக் கேட்பது என் வேலை. தையல் பள்ளிகளுக்கும் சொந்தமாக வெப்சைட் உண்டாம். பிள்ளைகள் அதில்தான் பாடம் பார்க்கிறார்களாம். மீனா நாற்பது விலாசம் எடுத்துக் கொடுத்தாள். போனில் கேட்டால் யாரோ விற்க வருகிறான் என்று வைத்துவிடுவார்கள் என்றாள். நான் தபால் ஆபீசுக்குப் போய் நாற்பது போஸ்ட்கார்டு வாங்கி வந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "கோயில் திருவிழாவா தாத்தா?" என்றது.

ஒவ்வொன்றிலும் இப்படி எழுதுகிறேன்: மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா. என் மகள் மிஷின் பழுதை நீக்கும் முறை எழுதியிருக்கிறாள். படித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு உதவும் என்றால் மட்டும் உங்கள் சுவரில் எங்கள் லிங்க்கை ஒட்ட அனுமதி தாருங்கள். வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை. சங்கையா, மதுரை. கீழே வெப்சைட் விலாசமும் போன் நம்பரும்.

இன்று ஆறு கார்டு முடிந்தது. விரலில் பேனா பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. பசை வாளிப் பிடி பதிந்த பள்ளத்துக்கு மேலேயே.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாற்பதும் முடிந்தது. கடைசிப் பத்து நேராக வந்திருக்கிறது என்று மீனா சொன்னாள். கேலி இல்லை, நானும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அருப்புக்கோட்டையில் இருந்து போன். தையல் பள்ளி நடத்துகிற ஒரு அம்மா.

"சங்கையா ஐயாங்களா? கார்டு வந்துச்சு. எங்க பிள்ளைங்க எல்லாம் கையில வாங்கிப் பாத்துச்சுங்க. போஸ்ட்கார்டையே இப்பத்தான் பாக்குதுங்களாம். உங்க மக எழுதுனத நான் எங்க மிஷின்ல செஞ்சு பாத்தேன். சரியாப் போச்சு. எங்க பக்கத்துல லிங்க் போட்டுட்டேன்."

"நல்லதும்மா. எத்தனை நாளைக்கு ஒட்டிக்கலாம்?"

அவருக்குப் புரியவில்லை. "இருக்கட்டும் ஐயா, எப்பவும் இருக்கட்டும்" என்றார்.

எப்பவும் இருக்கட்டும் என்று எந்தச் சுவர்க்காரரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. பாயிடம் போய்ச் சொன்னேன். "மழை வந்தாலும் கிழியாதா?" என்று கேட்டார். கிழியாது என்றேன். ஓசியில் டீ கொடுத்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சிவகங்கை, விருதுநகர், சாத்தூர், பழனி. நான்கு பள்ளிகள் போட்டுவிட்டார்கள். பழனிக்காரர், முதலில் உங்கள் எழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை என்று நினைத்தேன் என்றார். நேற்று வந்தவர்கள் நானூற்று எண்பது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அறுநூற்று இருபது. ஆவணி முகூர்த்தம். தமிழ்நாடு முழுவதும் நூல் அறுகிறது. பாவம் என்று நினைக்க வேண்டும். நான் சந்தோஷப்படுகிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பதினேழு பள்ளி. மூன்று பேர் வேண்டாம் என்று பதில் எழுதினார்கள். அவர்களுக்கும் நன்றி என்று கார்டு போட்டேன். மற்றவர்கள் பேசவில்லை. மொத்தம் ஏழாயிரத்து நூறு. இன்னும் மூன்று நாள். மீனா ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கிறாள். நான் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் எண்ணிக்கை கூடாது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டாயிரத்து எழுநூறு. ஒன்பதுக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தனை பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது.

எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. அதோடு மாதம் முடிந்தது.

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை பத்து மணிக்கு மீனா கம்பெனிக்குப் போன் செய்தாள். சுகவனம் என்ற மேனேஜர். எனக்கும் கேட்கும்படி வைத்தாள். எண்ணிக்கையை மறைக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"ஆயிரத்துச் சொச்சம் குறையுதுங்களே" என்றார்.

"ஆமா சார். ஆனா ஒண்ணு பாருங்க. வந்தவங்க சராசரியா அஞ்சு நிமிஷம் நின்னிருக்காங்க."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் தட்டினார். "ஏஜென்சி கேட்ட இன்னொரு ஆளு பதினஞ்சாயிரம் காட்டினாருங்க. அதுல ஒருத்தரும் அஞ்சு செகண்டு நிக்கல" என்றார். "நாலு மாவட்டம் குடுக்க முடியாதுங்க. நான் பத்தாயிரம்னு மேல எழுதிக் குடுத்திருக்கேன். மதுரையும் விருதுநகரும் எடுத்துக்குங்க. ஆறு மாசம் பாக்கலாம்."

மீனா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள், "ரெண்டு மாவட்டம் போதும்ப்பா. கட்டிலுக்கு அடியில அதுக்கு மேல இடமில்ல" என்றாள்.

மத்தியானம் ஒரு ஆர்டர் வந்தது. மீனா படிக்காமல் போனை என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். பாபின் கேஸ் ஒன்று, பெல்ட் ஒன்று. வனிதா, ஆண்டிப்பட்டி. கீழே குறிப்பு: அம்மா மிஷின். தூசி படிய விட மனசில்லை. தாத்தா லெட்டர் கிடைத்தது.

"இத கூரியர்ல போட வேணாம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. நீங்களே கொண்டு போங்க."

பாபின் கேஸை அவள் தாளில் சுற்றினாள். எந்தத் தாள் என்று பார்த்தேன். விதிமுறைகள். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே செல்லக் கூடாது. சேரும் நாள் செப்டம்பர் 1 என்ற இடம் உள்பக்கமாக மடிந்து போனது. இன்றுதான் அந்த நாள். அவள் அடுப்படியில் எனக்கு இட்லி மாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள், பதம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல்.

டீச்சர், வியாழக்கிழமை ஆண்டிப்பட்டிக்குப் போகிறேன். பஸ் போர்டை நானே படித்து ஏறிக்கொள்வேன். வனிதாவிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதலில் அந்த அம்மா படத்தின் முன்னால் நின்று முழுவதும் பார்ப்பேன். மிஷின் ஓடியதா இல்லையா என்பது சனிக்கிழமை இந்த நோட்டை நீங்கள் வாங்கும்போது இதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கும். பஸ்ஸில் வரும்போதே எழுதிவிடுவேன் என்பதால் எழுத்து இதைவிடக் கோணலாகத்தான் இருக்கும்.